காடா துணியும் நாடாக்குட்டியும்

எங்க வீட்டு நாய்க்குட்டி பேரு நாடா. பாவாடை நாடான்னு நெனச்சுச் சிரிக்கிறவங்க ஓரமா நின்னு சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, காத்திருக்கேன் :) இது தறி நாடா. பாவு நூலுக்கு ஊடால ஊடை நூலை இழுத்துக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயுமே, அந்த நாடா. வாசலுக்கும் பொடக்காலிக்கும் ஒரு நிமிஷம் நிக்காம ஓடுறதைப் பார்த்துட்டு எங்கப்பா வெச்ச பேரு. நாயே வேண்டாம்னு ஒத்தைக்கால்ல நின்னவரு, பேரு மட்டும் அவருதான் வெப்பாராம்.

ஊரு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மங்கலம்ங்கிறது திருப்பூர்ல இருந்து சோமனூர் போற ரோட்டுல, நொய்யல் கரையில இருக்கு. திருப்பூர்னா வெளியூர்க்காரங்களுக்கு பனியன்தான் ஞாபகம் வரும். எங்க பக்கம் பனியன் கம்பெனியும் உண்டு, விசைத்தறியும் உண்டு. எங்க வீட்டை ஒட்டியே தறிக்குடோன். எட்டுத் தறி. கூலிக்கு காடா துணி ஓட்டுறோம். நான் பகல்ல பனியன் கம்பெனி வேலைக்குப் போறவன், அப்பாதான் தறி பார்க்கிறாரு. இந்த ஊர்ல பொறந்தவனுக்குத் தறிச் சத்தம் சத்தமே இல்லை. அது நின்னாத்தான் தூக்கம் கலையும்.

கதையே அங்கதான் ஆரம்பிக்குது. 2025 மார்ச் 19ந்தேதி கோவை, திருப்பூர் மாவட்டத்துல கூலிக்கு நெய்யுற விசைத்தறிக்காரங்க கூலி உயர்வு கேட்டு ஸ்ட்ரைக்குல இறங்கினாங்க. ஒரு மாசத்துக்கு மேல நீண்டு போச்சு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, குடோனுக்குப் பின்னால வேஸ்ட் மூட்டை போடுற ரூம்புல தெருவுல திரியுற செவலை நாய் ஒண்ணு அஞ்சு குட்டி போட்டிருந்துச்சு. நாய்க்குட்டிக்குக் கண்ணு திறக்கவே பத்துப் பதினாலு நாள் ஆகும். காது கேக்க ஆரம்பிக்கிறது அதுக்கும் பொறவு, மூணாவது வாரத்துல. அதாவது இந்த அஞ்சும் காதைத் திறந்த நேரம் பார்த்து ஊரே மௌன விரதம். எங்க குடோன்லயே பொறந்து வளர்ந்த குட்டிகளுக்குத் தறிச் சத்தம்னா என்னன்னே தெரியாது!

ஏப்ரல்ல பேச்சுவார்த்தை முடிஞ்சு ஒரு நாள் காலையில எட்டுத் தறியும் ஒண்ணா ஓட ஆரம்பிச்சுது. அடுத்த நிமிஷம் குட்டிக தலை தெறிக்க ஓடுனதைப் பார்க்கணுமே. இப்ப நாடான்னு பேரு வாங்கியிருக்கறது மாடிப்படிக்குக் கீழ போய் ஒண்டிக்கிச்சு. உடம்பு பூரா நடுக்கம், நின்ன எடத்துலயே ஒண்ணுக்கு. அப்பா குனிஞ்சு பார்த்துட்டு, "ஏஞ்சாமி, தறிக்குடோன்ல பொறந்துட்டுத் தறிக்குப் பயந்தா எப்புடி? உனக்கெல்லாம் யாரு பொண்ணு குடுப்பாங்க?"ன்னாரு. பொட்டைக் குட்டின்னு அப்போ அவருக்குத் தெரியாது.

பொட்டைங்கிறதுதான் பிரச்சனையே. மூணு கடுவனையும் வாரத்துக்குள்ள கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. பொட்டை ரெண்டையும் சீந்த ஆளில்லை. "அது வளர்ந்தா குட்டி போடும், தெருநாயெல்லாம் வாசல்ல வந்து நிக்கும்"னு ஒரே பல்லவி. ஒரு நாள் சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள ஒரு குட்டியை யாரோ சாக்குல போட்டு ஆத்துக்கு அக்கட்டால விட்டுட்டு வந்துட்டாங்க. யாருன்னு தெரியும், எழுத மாட்டேன். டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு ரெண்டு நாள் சீமைக்கருவேலத்துக்குள்ள தேடுனேன். கிடைக்கலை. மூணாவது நாள் லீவு போட்டுட்டு, மிச்சம் இருந்த இதைத் தூக்கி வீட்டுக்குள்ள விட்டேன். ஏழு வாரக் குட்டி.

வந்த அன்னிக்கே வீட்டுல பட்டிமன்றம். அப்பா கட்சி: "சங்கிலி வாங்கிப் போடு. கட்டிப் போட்டு வளர்த்தாத்தான் ரோசம் வரும், காவலுக்கு ஆகும்." அம்மா கட்சி: "எங்கயோ கட்டு, வீட்டுக்குள்ள மட்டும் வேண்டாம்." இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காத கட்சி, காம்பவுண்டுக்குப் பின்னால லைன் வீட்டுல இருக்கற அக்கா. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாக்குறாங்க, மதுரைப் பக்கம். அவங்க வந்து, "தம்பி, அதக் கட்டிப் போட்டுருங்க தம்பி. பாப்பா கதவத் தெறந்து வெளிய வரமாட்டேங்குது"ன்னாங்க. அவங்க பொண்ணுக்கு எட்டு வயசு. அதுக்கு முந்துன வருஷம் கடைக்குப் போயிட்டு வர்றப்ப ஒரு தெருநாய் கெண்டைக்கால்ல கடிச்சு, ஜிஎச்சுல தடுப்பூசி போட்டிருக்காங்க. முதல் நாள், 3, 7, 28ஆம் நாள்னு நாலு தடவை, கையில. (தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசிங்கிறது பழைய கதைங்க. அந்த மருந்தையே 2004-05 வாக்குல நிறுத்தியாச்சு. இன்னும் அதைச் சொல்லியே ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்குற ஆளுங்களை எனக்குத் தெரியும். கடிச்சா முதல்ல சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவுங்க, அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எல்லாம் சமையலறையிலயே இருக்கட்டும்.)

அந்த அக்காகிட்ட வாயைத் திறந்து பதில் சொல்ல முடியலை. அவங்க பயம் நியாயமான பயம். ஆனா சங்கிலி போட்டா அந்தப் பயம் தீராது, வளரும்ங்கிறது என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

அமெரிக்காவுல பார் ஹார்பர்னு ஒரு ஊர். அங்க ஜாக்சன் ஆய்வகத்துல ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர்னு ரெண்டு பேரு வருஷக்கணக்கா நாய்க்குட்டிகளை வளர்த்து வளர்த்துப் பார்த்து 1965ல ஒரு புத்தகமே போட்டாங்க. சாரம் இதுதான்: குட்டிக்கு மூணாவது வாரத்துல இருந்து ஏறக்குறைய பன்னெண்டாவது வாரம் வரைக்கும் ஒரு கதவு திறந்திருக்கு. அந்த நேரத்துல எதையெல்லாம் பயமில்லாமப் பார்த்துப் பழகுதோ, அதெல்லாம் அதோட உலகம். அதுக்கு அப்புறம் புதுசா வர்றது எல்லாம் சந்தேகக் கேஸ். அதே ஆய்வகத்துல சில குட்டிகளைப் பதினாலு வாரம் வரைக்கும் மனுச வாடையே படாம வளர்த்திருக்காங்க. 1961ல வந்த ஆராய்ச்சி. கடைசி வரைக்கும் அதுக மனுசங்ககிட்ட சரியா ஒட்டலை.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க அப்புச்சி ஞாபகம்தான் வந்துச்சு. அவரு பட்டி போட்டு ஆடு மேய்ச்சவரு. புது நாய்க்குட்டி வந்தா கண்ணு திறந்த கொஞ்ச நாள்லயே தூக்கிப் பட்டிக்குள்ள விட்டுருவாரு. ஆட்டுக்குட்டிக் கூடவே படுக்கும், முட்டு வாங்கும், ஓடும். "குட்டியில ஆட்டு வாசம் ஏறுன நாய் ஆட்டைத் தொடாது கண்ணு"ம்பாரு. ஸ்காட்டும் ஃபுல்லரும் ஆய்வகம் வெச்சுக் கண்டுபிடிச்சதை இந்த மனுசன் கோவணத்தோட சொல்லிட்டுப் போயிட்டாரேன்னு இருந்துச்சு.

இப்ப சங்கிலிக்கு வாங்க. கதவு திறந்திருக்குற அந்த ஒம்பது வாரமும் குட்டியை ஒரு தூண்ல கட்டி வெச்சா அது பார்க்கிறது என்ன? ஒரு சுவரு, ஒரு சோத்துத் தட்டு, தூரத்துல ஓடுற காலுங்க. பயந்தா ஓடவும் வழியில்லை. ஓட முடியாத நாய்க்கு மிச்சம் இருக்குறது பல்லு மட்டும்தான். "ரோசம்"னு நம்மாளுக பெருமையாச் சொல்றது பெரும்பாலும் பயம்தான் மக்களே.

சரி, பயம்னு சொன்னா முதல் பயம் தறி. நாடாவுக்கு அந்தக் கதவு மூடறதுக்குள்ள என் கையில இருந்தது அஞ்சு வாரம். குடோன்ல இருந்து நூறு தப்படி தள்ளி வேப்பமரம். அங்க உக்கார வெச்சா காதை விறைச்சுக்கிட்டுப் பார்க்கும், ஆனா பொட்டுக்கடலை குடுத்தா தின்னும். எண்பது தப்படிக்கு வந்தா திங்காது. இதுதான் என் அளவுகோல். தின்னா அங்கயே இரு, திங்கலைன்னா பின்னால போ. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் "பாரு, ஒண்ணும் இல்லை"ன்னு காட்டுற வேலையே கிடையாது.

முறை முக்கியமுங்க. சத்தம் முதல்ல, கடலை அப்புறம். அப்பத்தான் சத்தம் கேட்டா நல்லது வரும்னு மண்டையில ஏறும். ஓடிக்கிட்டே இருக்குற தறியில சத்தத்தோட ஆரம்பத்தை எப்படிப் பிடிக்கிறது? கரண்ட் கட்! கரண்ட் போனா எட்டும் நிக்கும், வந்தா ஒவ்வொண்ணா எடுக்கும். அந்த நேரம் வேப்பமரத்தடியில கடலையோட ரெடியா இருப்பேன். கரண்ட் போறதுக்குச் சந்தோஷப்பட்ட ஒரே தறிக்காரன் மகன் நானாத்தான் இருப்பேன். அப்பா கேட்டாரு, "ஏன்டா, மணிக்கு இத்தனை மீட்டர் போச்சேன்னு நான் அழுதுக்கிட்டிருக்கேன், நீ நாய்க்குக் கடலை ஊட்டிக்கிட்டிருக்கியா?"

பாவ்லோவ் தாத்தா மணி அடிச்சு நாய்க்கு எச்சில் ஊற வெச்சாருன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். அவரு நிறைய உபயோகிச்சது மெட்ரோனோம்ங்கிற டக் டக் கருவியாம். பாட்டுக்குத் தாளம் போடுமே, அது. (1904ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது இதுக்கில்லை, செரிமானத்தைப் பத்தின ஆராய்ச்சிக்கு.) எங்க ஊர்ல எட்டு மெட்ரோனோம் ராத்திரி பகலா ஓடுது, பாவ்லோவ் மங்கலத்துல பொறந்திருக்கலாம். மூணு வாரத்துல நாடா குடோன் வாசல் வரைக்கும் வந்துருச்சு. நாலாவது வாரம் ஓடுற தறியோட வாசப்படியில படுத்துத் தூங்குச்சு. உள்ள விடறதில்லை. பெல்ட்டுல வாலு மாட்டுனா அவ்வளவுதான்.

அடுத்த பஞ்சாயத்து, ஒண்ணுக்கு. குட்டிக எந்தத் தரையில பழகுதோ அதுதான் அதுகளுக்குக் கக்கூஸ். இது பொறந்தது வேஸ்ட் துணி மேல. அதனால துணின்னு எதைப் பார்த்தாலும் அங்க உக்காந்துரும். மிதியடி, பாய், அப்பாவோட வேட்டி. ஒரு நாள் மடிச்சு அடுக்கியிருந்த காடா துணி மேலயே ஏறி உக்காந்துருச்சு. காடா மேல நாடா! கறை பட்டா கூலியில பிடிப்பாங்க, அப்பா குதிச்ச குதி நொய்யல் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும்.

இதுக்கு அடி உதவாது. மூக்கைக் கொண்டு போய் மூத்திரத்துல தேய்க்கிறது நம்மூர்ல எல்லாரும் சொல்ற வைத்தியம். அதுல குட்டி கத்துக்கிறது ஒண்ணே ஒண்ணு: மனுசன் பாக்குறப்ப போகக் கூடாது, கட்டிலுக்கு அடியில போய்ப் போகணும். நான் பண்ணுனது சலிப்பான வேலை. தூங்கி எந்திரிச்சதும், தின்னதும், விளையாடி முடிச்சதும் தூக்கிட்டுப் பொடக்காலிக்குப் போறது. முதல்ல அங்க மண்ணு மேல ஒரு பனியன் வேஸ்ட் துண்டை விரிச்சேன். அது மேல போச்சு, சபாஷ், ஒரு கடலை. துண்டை நாளுக்கு நாள் சின்னதாக் கிழிச்சுக்கிட்டே வந்தேன். கைக்குட்டை அளவாகி, அப்புறம் கோவண அளவாகி, ஒரு நாள் துணியே இல்லை, மண்ணுதான் இருந்துச்சு. அது கண்டுக்கவே இல்லை. ரெண்டு மாசக் குட்டி பகல்ல மூணு மணி நேரம் அடக்குனாலே பெரிசு. அதனால ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம். நைட் ஷிப்ட் தறி ஓட்டுற பீகார்ப் பையன் நான் குட்டியோட நிக்கிறதைப் பார்த்துச் சிரிப்பான்.

அந்தப் பையன் சும்மா இருந்தானா? டீ குடிக்க வர்றப்பெல்லாம் ரொட்டித் துண்டைக் காட்டி "பைட்டோ"ன்னு சொல்லிக் குடுத்திருக்கான். நான் "உக்காரு". என் தங்கச்சி பையன் "சிட்". (கவனிச்சிருக்கீங்களா, வீட்டுல ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசாதவங்களும் நாய்கிட்ட மட்டும் சிட், கம், கோ!) மூணுக்கும் உக்காருது. ஊரெல்லாம் சண்டை நடந்துக்கிட்டிருந்தப்ப எங்க வீட்டுல மும்மொழிக் கொள்கையைச் சத்தமில்லாம அமல்படுத்துனது நாடாதான். ஆனா "வா"ங்கிற சொல்லுக்கு மட்டும் நான் கறாரு. எல்லாரும் ஒரே "வா". திட்டுறதுக்கு, குளிப்பாட்டுறதுக்கு, ஊசிக்கு, எதுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. வந்தா எப்பவும் நல்லதுதான் நடக்கணும். கடலை இல்லை, வேகவெச்ச கோழி ஈரல்.

கடி பத்தி ரொம்ப எழுதலை. பால்பல்லு இருபத்தெட்டு, ஊசி மாதிரி. கூடப்பொறந்ததுக கூடக் கடிச்சு விளையாடித்தான் எவ்வளவு அமுத்தக் கூடாதுன்னு குட்டி கத்துக்கும். இதுக்குக் கூடப்பொறந்ததுக சீக்கிரமே போயிருச்சு. அதனால அந்த வேலை என் கை மேல விடிஞ்சுது. பல்லு அழுத்துனா உடனே விளையாட்டு நின்னுரும், நான் மரம் மாதிரி நிப்பேன். பனியன் வேஸ்டை ஜடை மாதிரி இறுக்கிப் பின்னிக் குடுத்தேன் இழுத்து விளையாட. விளையாடுனதும் திருப்பி வாங்கிருவேன், நூலு வயித்துக்குள்ள போனா குடலைச் சுருட்டிரும்.

தடுப்பூசியில ஒரு சிக்கல் இருக்கு. பார்வோ மாதிரி நோய்க்கான ஊசி ஒண்ணரை மாசத்துல ஆரம்பிச்சு, இடைவெளி விட்டு விட்டுப் போட்டு முடிக்கிறதுக்கு நாலு மாசம் ஆகும். அதுக்கு முன்னாடி தெருவுல விடாதேன்னு டாக்டர் சொல்லுவாரு, சரிதான். ஆனா பழகுற கதவு மூணு மாசத்துலயே மூட ஆரம்பிக்குதே? நான் தரையில விடலை, தூக்கிட்டுச் சுத்துனேன். கூடையில வெச்சு டிவிஎஸ்ல பஸ் ஸ்டாப், சந்தை, பாலம். பள்ளிவாசல்ல பாங்கு, கோயில்ல மேளம், லாரி ஹாரன் எல்லாம் மடியில இருந்தே கேட்டாச்சு. ரேபிஸ் ஊசி மூணு மாசம் முடிஞ்சதும்.

லைன் வீட்டுப் பாப்பா விஷயத்துக்கு வர்றேன். "ஒண்ணும் பண்ணாது கண்ணு, தொட்டுப் பாரு"ன்னு நான் ஒரு நாளும் சொல்லலை. நாய்க்கு என்ன சட்டமோ அதே சட்டம்தான் பாப்பாவுக்கும். அவ தண்ணித் தொட்டி மேல உக்காந்துக்குவா, நான் நாடாவைக் கயித்துல பிடிச்சுக்கிட்டுத் தூரத்துல. பாப்பா பொட்டுக்கடலையை வீசணும், அவ்வளவுதான் வேலை. பாதியை அவளே தின்னுருவா. ரெண்டு வாரம் கழிச்சு தொட்டியில இருந்து இறங்குனா. அப்புறம் ஒரு நாள் அவளாவே மெல்லமா "உக்காரு"ன்னா. நாடா பொத்துனு உக்காந்துச்சு. பாப்பா என்னைப் பார்த்தா, அவங்கம்மாவைப் பார்த்தா, திரும்பியும் "உக்காரு"ன்னா. ஏற்கனவே உக்காந்திருக்கு, இன்னும் எப்புடி உக்காரும் :)) ஒரு சின்ன சொல்லுக்கு ஒரு நாய் கட்டுப்படுதுங்கிறது கடி வாங்குன குழந்தைக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னிக்கு அவ முகத்துல பார்த்தேன்.

ஆனா என் வயித்துல புளி கரைச்ச நாள் வேற. ஆகஸ்ட்டுல, நாடாவுக்கு அஞ்சு மாசம். பாப்பா எதையோ மறந்துட்டு வாசல்ல இருந்து வீட்டுக்கு வேகமா ஓடுனா. ஓடுறதைக் கண்டா எந்தக் குட்டிக்கும் துரத்தணும். கயிறு இல்லை. நாடா பாய்ஞ்சுருச்சு. பாப்பா திரும்பிப் பார்த்து வீல்னு கத்துனா. நான் கத்தலை, எப்பவும் சொல்ற அதே குரல்ல "நாடா, வா"ன்னேன். பாதி வழியில நின்னு, ஒரு நொடி யோசிச்சு, திரும்பி என்கிட்ட வந்துச்சு. ஈரல் கையில இல்லை, ஓடிப் போய் ஃபிரிட்ஜுல இருந்த மொத்தத்தையும் போட்டேன். அக்கா கதவுகிட்ட நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒண்ணும் சொல்லலை. ஆனா அப்புறம் சங்கிலிப் பேச்சை எடுக்கவே இல்லை.

அதே ஆகஸ்ட்டுலதான் உச்ச நீதிமன்றம் தெருநாய் பத்தி உத்தரவு போட்டது. 11ந்தேதி, டெல்லித் தெருநாயை எல்லாம் பிடிச்சுக் காப்பகத்துல அடைன்னாங்க. 22ந்தேதி அதை மாத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு பிடிச்ச எடத்துலயே விடு, வெறி பிடிச்சதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதேன்னாங்க. டீக்கடையில ரெண்டு கட்சி. எங்க மாவட்டத்துக்கு இது டிவி விவாதம் இல்லைங்க. அதுக்கு முந்துன மாசங்கள்லதான் காங்கயம், வெள்ளகோவில் பக்கம் நாய்க்கூட்டம் பட்டிக்குள்ள புகுந்து ஆடு ஆடா கொன்னு போட்டு, விவசாயிக செத்த ஆட்டை ரோட்டுல போட்டு மறியல் பண்ணுனாங்க. என் அப்புச்சி மாதிரி ஆளுக. அவங்க கோவத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நாய்க எங்கிருந்து வந்துச்சுன்னு மட்டும் கேக்கத் தோணும். ஆத்துக்கு அக்கட்டால சாக்கை அவுத்து விட்டா குட்டி காத்துல கரைஞ்சு போயிருமா? பிழைச்சா கூட்டத்துல சேரும், வருஷத்துக்கு ரெண்டு தடவை குட்டி போடும்.

நாடாவுக்கு ஏழு மாசத்துல கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு. "தெருநாயெல்லாம் வாசல்ல வந்து நிக்கும்"ங்கிற பல்லவி அத்தோட சரி. ஆபரேஷன் அன்னிக்கு மயக்கம் தெளியாம கிடந்ததை மடியில வெச்சு ஆட்டோவுல கூட்டிட்டு வந்தது யாருங்கறீங்க? சங்கிலி வாங்கச் சொன்ன எங்கப்பா. தையலை நக்கக் கூடாதுன்னு பழைய பனியன் ஒண்ணை வெட்டி நாலு காலுக்கும் ஓட்டை போட்டுத் தெச்சுக் குடுத்தது செக்கிங் அக்கா. அளவு கச்சிதம். திருப்பூர்க்காரங்ககிட்டயா!

இப்ப ஒரு வயசு தாண்டிருச்சு. கேட்டுக்கிட்ட புது ஆளு வந்தா குரைக்கும், நான் "போதும்"னா நிறுத்திக்கும். காவலுக்கு இது போதும்னு அப்பாவே சொல்லிட்டாரு. மழை இடிக்கு மட்டும் இன்னும் மாடிப்படிக்குக் கீழதான். வேலைக்குப் போறப்ப பாலத்தைத் தாண்டுனா கரையில படுத்திருக்குற கூட்டத்துல செவலையா ஏதாவது இருக்கான்னு கண்ணு தன்னால தேடுது. சிலது இருக்கு. எல்லாச் செவலையும் ஒரே மாதிரிதான் இருக்கு.

வர்ற மாசம் நாடாவுக்கு வருஷ ரேபிஸ் ஊசி. பாப்பாவும் கூட வர்றாளாம். "நான் நாலு போட்டுருக்கேன், அதுக்கு ஒண்ணுதானா?"ன்னு நாடாகிட்ட விவரமாப் பேசிக்கிட்டிருக்கா.